பொனற் பெயரை நம்பி உதிரிப்பாகம் வாங்காதீர்கள்

ஜப்பானில் பாவித்த சிறிய உழவு இயந்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் இயந்திரத்தின் பொனற்றில் யன்மார் வை.எம். 2000 என்று ஸ்ரிக்கர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வாங்கிய ஹெட் காஸ்கற் (எஞ்சின் தலைக்கும் புளொக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு) பொருந்தவில்லை. முன்சில்லுகளுக்கும் இழுவை உண்டு. இன்ஜெக்ரர் குழாய்கள் மூன்று. பிளேற்றில் ஜப்பானிய எழுத்துத்தான். இது என்ன மொடல் என்று எப்படி அறிவது? — வாசகர், பரந்தன்

பதில்: விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வை.எம். 2000 இரண்டு சிலிண்டர் இயந்திரம். மூன்று இன்ஜெக்ரர் குழாய் இருந்தால் எஞ்சின் மூன்று சிலிண்டர். ஆகவே பொனற் வேறொன்றிலிருந்து வந்திருக்கிறது, அல்லது பெயின்ற் அடித்த இடத்தில் கையில் கிடைத்த ஸ்ரிக்கரை ஒட்டிவிட்டார்கள். ஏற்றுமதிக்கு முன்னும் இறக்கிய பின்னும் இது சாதாரணமாக நடக்கிறது. நம்ப வேண்டியது இரும்பில் வார்த்ததையும் வெட்டியதையும்தான்.

முதலில் எஞ்சின் புளொக்கைப் பாருங்கள். இன்ஜெக்ரர் பம்ப் இருக்கும் பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெட்டிய எழுத்தின்மேல் சோக்குத் துண்டை உரசினால் எண் வெள்ளையாகத் தெளியும். யன்மாரின் பிற்கால எஞ்சின்களில் அந்தக் குறியே பாதி விபரத்தைச் சொல்லிவிடும். 3ரி.என். 75 என்றால் மூன்று சிலிண்டர், துளை (சிலிண்டரின் உள்விட்டம்) 75 மில்லிமீற்றர். 3ரி.என். 84 என்றால் துளை 84. குபோட்டாவில் இசற் (Z) என்ற எழுத்து இரண்டு சிலிண்டர், டி மூன்று, வி நான்கு. பின்னால் வரும் எண் ஏறத்தாழக் கன சென்ரிமீற்றர் கொள்ளளவு. டி 722 என்றால் மூன்று சிலிண்டரும் சுமார் 720 சி.சி.யும். ஷிபாவுராவில் இது தலைகீழ்: எஸ் 773 என்றால் துளை 77, கடைசி 3 சிலிண்டர் எண்ணிக்கை.

அடுத்தது மொடல் பெயரின் வால். முன்சில்லு இழுவையை ஒவ்வொரு கம்பனியும் தன் வழியில் எழுதும். யன்மார் கடைசியில் டி போடும். குபோட்டா டி.ரி. போடும்: எல் 1500 பின்சில்லு இழுவை, எல் 1500 டி.ரி. நான்கு சில்லும். இசெக்கிக்கு எஃப். மிட்சுபிஷியின் எம்.ரி. வரிசையில் கடைசி டி. ஷிபாவுராவில் எஸ்.டி. 1500 பின் இழுவை, எஸ்.டி. 1540 நான்கு சில்லு. ஹினோமோட்டோவில் ஈ 184 போலக் கடைசியில் 4 வரும். உங்கள் ஸ்ரிக்கரில் டி இல்லை, இயந்திரத்திலோ முன் இழுவை உண்டு. ஸ்ரிக்கர் தவறு என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

பிளேற்றில் மேலே இருப்பது பெரும்பாலும் மொடல், கீழே தொடர் எண். ஜப்பானிய எழுத்தை வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. எண்களும் ரோம எழுத்துகளும்தான் தேவை. கியர்பெட்டியின் பக்கம், டாஷ்போட்டின் கீழ், இருக்கைக்கு முன்னால் என்று தேடுங்கள். பிளேற்றின் ஆணிகள் புதிதாக இருந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

உதிரிப்பாகத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. இதே தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்கு வேறு பெயரில் இயந்திரம் செய்து அனுப்பின. ஜோன் டியர் 850, 950 யன்மார் செய்தவை. ஃபோர்ட் 1600, 1700, 1900 ஷிபாவுராவின் வேலை. போலன்ஸ் ஜி 174 இசெக்கி. வை.எம். 2000க்கு அமெரிக்கப் பெயர் வை.எம். 240. அந்தப் பெயர்களில் ஆங்கில உதிரிப்பாகப் புத்தகங்கள் கிடைக்கும். எஞ்சின் குறி ஒன்றாக இருந்தால் பிஸ்ரன், ரிங், காஸ்கற் அதில் தேடலாம். கியர், அச்சு, ரயர் போன்றவற்றை அதை நம்பி வாங்காதீர்கள். அவை சந்தைக்குச் சந்தை மாறும்.

எதை வாங்கினாலும் பழையதைக் கழற்றி வேர்னியரால் அளந்து, எஞ்சின் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். ஹெட் காஸ்கற்றுக்குத் துளை விட்டம், இரண்டு துளைகளின் நடுத் தூரம், தடிப்பு ஆகிய மூன்றும் வேண்டும்.

கேள்வி: முன் ரயர் இரண்டும் வெடித்ததால் கடையில் கிடைத்த சற்றுச் சிறிய ரயர் போட்டேன். இப்போது நான்கு சில்லு லீவர் இறுகிக்கொள்கிறது. முன் அச்சில் "டக்" என்ற சத்தமும் வருகிறது. — வாசகர், வவுனியா

பதில்: முன் இழுவையை உடனே விடுவியுங்கள். ரயர் சரியாகும்வரை போட வேண்டாம். லீவர் வராவிட்டால் நேரே சில அடி பின்னால் ஓட்டிப் பாருங்கள், இறுக்கம் தளரும்.

இந்த இயந்திரங்களில் முன், பின் அச்சுகள் கியரால் இறுகப் பிணைக்கப்பட்டவை. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷல் நடுவில் கிடையாது. முன்சில்லு தரையில் பின்சில்லை விட 1 முதல் 5 சதவீதம் கூடுதல் தூரம் ஓடும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். அப்போதுதான் முன்சில்லு இழுக்கும், திருப்பும்போது ஒத்துவரும். சிறிய ரயர் போட்டால் முன்பக்கம் பின்தங்கிப் பிறேக் போலப் பிடிக்கும். சேற்றில் சில்லு வழுக்கி அந்த இறுக்கம் கழிந்துவிடும். தார் றோட்டிலும் காய்ந்த வரம்பிலும் கழிய இடமில்லாததால் முழுச் சுமையும் முன் அச்சின் பெவல் கியரில் ஏறும். நீங்கள் கேட்ட சத்தம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரியான அளவைக் கணக்கிட ரயர் சுற்றளவும் கியர் விகிதமும் தேவை. ரயரில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள். 6-14 என்று எழுதிய இரண்டு கம்பனி ரயர்கள் ஒரே சுற்றளவாக இருக்க வேண்டியதில்லை. சரியான காற்றடித்து, சமதரையில் ரயரிலும் தரையிலும் சோக்குக் கோடு போட்டு, மூன்று சுற்று உருட்டி, தூரத்தை மூன்றால் வகுங்கள். முன், பின் இரண்டுக்கும் இப்படி அளக்க வேண்டும்.

கியர் விகிதத்துக்கு எஞ்சினை நிறுத்தி, இடப்பக்கத்து முன்சில்லையும் பின்சில்லையும் தரையிலிருந்து தூக்கி, உறுதியான தாங்கியில் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். வலப்பக்கச் சில்லுகளுக்கு இருபுறமும் அடைகல் வைத்து, கைப்பிறேக்கை விடுங்கள். டிஃபரன்ஷல் லொக் விடுபட்டிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில், முன் இழுவை போட்டபடி, பின்சில்லைக் கையால் 10 சுற்று சுற்றுங்கள். முன்சில்லு எத்தனை சுற்று என்று இன்னொருவர் எண்ணட்டும். பதினைந்தரை வந்தால் விகிதம் 1.55.

ஒரு கணக்கு: பின் சுற்றளவு 2800 மில்லிமீற்றர், முன் 1850, விகிதம் 1.55. 1850ஐ 1.55ஆல் பெருக்கினால் 2867. 2800ஐ விட இது 2.4 சதவீதம் கூட, ஆகவே சரி. முன் ரயர் 1750ஆகக் குறைந்தால் 2712தான் வரும். 3 சதவீதம் பின்தங்கும். நூறு மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, கியருக்குத் தெரியும். பின் ரயரை மட்டும் புதிதாக, உயரமாக மாற்றினாலும் இதே சிக்கல்தான்.

ரயரை மாற்றிய பின் முன் அச்சு ஒயிலை வடித்து, அடியில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய தூள் வந்தால் கவலையில்லை. பல்லின் துண்டு வந்தால் அச்சைத் திறக்கத்தான் வேண்டும்.

கேள்வி: பி.ரி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டு) லீவரில் 1, 2, 3 என்று இருக்கிறது. புல் வெட்டும் சிலாஷர் மாட்டினேன். கிளச்சை மிதித்தாலும் இயந்திரம் நிற்காமல் முன்னால் தள்ளுகிறது. — வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இது ஆபத்து. முடிவு காணும்வரை சிலாஷரைக் கழற்றி வையுங்கள்.

பழைய ஜப்பானிய இயந்திரங்கள் பலவற்றில் ஒற்றைக் கிளச். பி.ரி.ஓ.வும் சில்லும் ஒரே கியர்பெட்டியால் ஓடுகின்றன. கிளச்சை மிதித்தால் எஞ்சின்தான் பிரியும். சுழலும் சிலாஷர் தகடு தன் வேகத்தால் பி.ரி.ஓ.வைப் பின்னாலிருந்து தொடர்ந்து சுற்றி, கியர்பெட்டி வழியாகச் சில்லையும் உருட்டும். மண்ணைக் கிளறும் ரொட்டவேற்றரை மண் உடனே நிறுத்திவிடுவதால் அதில் இது தெரியாது.

தீர்வு ஓவர்ரன்னிங் கிளச். பி.ரி.ஓ. தண்டில் ஏறும் சிறு உருளை. ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும். உங்கள் தண்டு 1⅜ அங்குலம், 6 பல்லா என்று அளந்து வாங்குங்கள். அதை மாட்டினால் தண்டு மூன்று, நான்கு அங்குலம் நீளும். ஆகவே இணைப்புத் தண்டைக் குறைக்க வேண்டிவரும். கருவியை மேலும் கீழும் தூக்கி, தண்டு மிகக் குறுகும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே உள்குழாய் முனை முட்டாமல் 25 மில்லிமீற்றராவது இடைவெளி இருக்க வேண்டும். மிக நீளும் இடத்தில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டும்போது உள், வெளிக் குழாய்களையும் பிளாஸ்ரிக் உறைகளையும் ஒரே அளவு வெட்டி, பிசிரை அரத்தால் எடுத்து, கிறீஸ் பூசுங்கள். உறையை எறிந்துவிட்டு ஓட்டாதீர்கள். சாரம் சுற்றிக்கொண்டால் கையால் இழுத்து எடுக்க நேரம் கிடைக்காது.

1, 2, 3 என்பவை வேகங்கள். ஜப்பானில் ரொட்டவேற்றரில் மண்ணை எவ்வளவு பொடியாக்குவது என்று தெரிவுசெய்ய வைத்தவை. உங்கள் சிலாஷர் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு ஆனது என்றால் 2, 3 வேண்டாம். தகடு பிய்ந்து பறக்கும். 1ஐயும் சோதித்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியர் நியூட்ரலில், பி.ரி.ஓ. 1இல், சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகொம்ப்ரஷன் லீவரை இழுத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் 10 சுற்று சுற்றுங்கள். பி.ரி.ஓ. 2.2 சுற்று வந்தால், எஞ்சின் 2500இல் ஓடும்போது அது 550. சிலாஷர் உடைபோல்ற் அறுந்தால் அதே மெதுவான இரும்பையே போடுங்கள். கடினப் போல்ற் போட்டால் அடுத்தமுறை உடைவது கியர்பெட்டி.

கேள்வி: 18 குதிரைவலு இயந்திரத்துக்கு ஐந்தடி இந்திய ரொட்டவேற்றர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? — வாசகர், முருங்கன்

பதில்: வேண்டாம். நான்கடி, பாரம் குறைந்தது எடுங்கள்.

எஞ்சின் வலுவைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். முன்சில்லில் எவ்வளவு பாரம் மிஞ்சும் என்பதை யாரும் கேட்பதில்லை. கருவியைத் தூக்கியபின் இயந்திரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். 700 கிலோ இயந்திரம், முன் அச்சில் 280, அச்சுகளுக்கிடையே 1.3 மீற்றர் என்று வையுங்கள். 200 கிலோ கருவி பின் அச்சுக்கு 1 மீற்றர் பின்னால் தொங்கினால் முன்னால் 154 கிலோ குறையும், 126 மிஞ்சும். வேண்டியது 140. மூக்கில் 15 கிலோ பாரம் கட்டினால் சமாளிக்கலாம். அதே இடத்தில் 350 கிலோ ரொட்டவேற்றர் தொங்கினால் மிஞ்சுவது 11 கிலோ. வரம்பு ஏறும்போது ஸ்ரியரிங் கையில் இருக்கும், முன்சில்லு காற்றில் இருக்கும்.

வாங்குமுன் உங்கள் இயந்திரத்தில் கருவியைப் பின்னால் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானிய ரொட்டவேற்றர் தனிப் பிறைக்கற்றில் இயந்திரத்தோடு ஒட்டி நிற்பதால், அதைக் கழற்றினால் டொப் லிங்க் (மேல் கை), பக்கச் சங்கிலி, சிலவேளை கீழ்க் கைகளும் இருக்காது. இணைப்பு அளவில் முதலாம் வகைக் கருவியில் கீழ் ஊசி 22 மில்லிமீற்றர், மேல் ஊசி 19. கைகள் கட்டையாக இருந்தால் கருவி பின் ரயரில் உரசும். வெல்டிங் பண்ணி நீட்டினால் மேலே போட்ட கணக்கு இன்னும் மோசமாகும்.

கேள்வி: ஹைட்ரோலிக் ஒயில் பால் போல இருக்கிறது. காலையில் ஸ்ராட் ஆகவும் சுணங்குகிறது. — வாசகர், செங்கலடி

பதில்: பால் நிறம் என்றால் தண்ணீர். பெரும்பாலும் கியர் லீவரின் கிழிந்த றப்பர் உறை வழியாக மழையிலோ கழுவும்போதோ இறங்கியிருக்கும். சேற்று உழவு செய்தால் அச்சு சீலையும் பாருங்கள். முதலில் உறையை மாற்றுங்கள். இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி ஒயிலை வடித்து, உறிஞ்சும் வலைவடியைக் கழற்றி டீசலில் கழுவுங்கள். கியர்பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பொதுவான யு.ரி.ரி.ஓ. ஒயில் ஊற்றி, ஒருநாள் வேலை செய்து, மறுபடி வடியுங்கள். முதல் தடவையில் எல்லாத் தண்ணீரும் வராது.

ஸ்ராட் சுணங்குவதற்குப் பற்றரியைக் குறை சொல்லுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதில் வெட்டியிருக்கும் வோல்ற் அளவில் தொட்டுப் பாருங்கள். நுனி சிவக்க வேண்டும். மாற்றும்போது பழையதில் வெட்டியிருக்கும் வோல்ற் எண்ணையே வாங்குங்கள். டாஷ்போட்டில் சிவக்கும் கம்பிச் சுருள் உள்ள பழைய இயந்திரங்களில் அந்தச் சுருளும் மின்சாரத்தில் ஒரு பங்கை எடுக்கும். அதனால் பிளக் 12 வோல்ற்றுக்குக் குறைந்ததாக இருக்கும். 12 வோல்ற் பிளக்கைப் போட்டால் சரியாகச் சூடேறாது; சுருளைத் தவிர்த்து நேரே வயர் இழுத்தால் பழைய பிளக் சில நாட்களில் கருகிவிடும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். யன்மாரின் பழைய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்கள் சிலவற்றில் தண்ணீர்ப் பம்ப் இல்லை. சூட்டுத் தண்ணீர் தானாக மேலேறிச் சுற்றும். றேடியேற்றரில் மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அந்தச் சுற்று நின்றுவிடும். உங்களுடையது அந்த வகையானால் ஒவ்வொரு நாளும் காலையில் மூடியைத் திறந்து கழுத்துவரை நிரப்புங்கள்.