விபத்து பதிவான மெமரி கார்டை போலீஸ் கேட்கிறது: கொடுக்கலாமா?

கேள்வி: எங்களிடம் நான்கு சரக்கு லாரிகள் உள்ளன. எல்லாவற்றிலும் சாலையையும் கேபினையும் பதிவு செய்யும் டேஷ் கேமரா இருக்கிறது. சென்ற வாரம் எதிர்த்திசையில் வந்த பைக் லாரியில் மோதி, ஓட்டியவருக்குக் கால் முறிந்துவிட்டது. எங்கள் டிரைவர் மீது தப்பில்லை என்பது வீடியோவில் தெரிகிறது, ஆனால் எஃப்.ஐ.ஆர். அவர் மேல்தான். போலீஸ் மெமரி கார்டைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? கேபினுக்குள் கேமரா வேண்டாம் என்கிறார்கள் டிரைவர்கள். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: கார்டு இன்னும் லாரியில் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். மோதல் நடந்த கோப்பை கேமரா தானாகப் பூட்டி வைத்திருந்தாலும், அதற்கு முந்தைய சில நிமிடங்கள் போய்விடும். பைக் எங்கிருந்து திரும்பியது என்பது அந்த நிமிடங்களில்தான் இருக்கும்.

போலீசிடம் கொடுங்கள், எழுத்துமூலமாக. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-வது பிரிவின்படி, விசாரணைக்குத் தேவையான மின்னணுப் பொருளைக் கேட்டு ஸ்டேஷன் அதிகாரி எழுத்தில் உத்தரவிடலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றும் மகஜரில், அதாவது போலீஸ் எடுத்துக்கொண்டதைக் குறிக்கும் பதிவில், கார்டின் நிறுவனம், கொள்ளளவு, வரிசை எண் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நகல் கேளுங்கள். ஒப்படைப்பதற்கு முன் முழு கார்டையும் கம்ப்யூட்டரில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வைத்துக்கொள்வது போதாது. அது கோப்பைச் சுருக்கிவிடும், பிறகு அசலோடு ஒத்துப்போகாது.

அந்த நகலை கோர்ட்டில் தாக்கல் செய்யச் சான்றிதழ் தேவை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு இதைச் சொல்கிறது. சான்றிதழின் முதல் பகுதியில் கருவியை வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) அதில் குறிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அசல் கருவியையே கொண்டுவந்து, உரிமையாளர் சாட்சி சொன்னால் மட்டும் விலக்கு. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாட்சிய விதிகளில் அவ்வளவு கறாராக இருக்காது. கிரிமினல் கோர்ட்டில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, கேமராவின் கடிகாரம். தேதி தப்பாக ஓடியிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். தப்பு இருந்தால் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வீடியோவை முழுக்கப் பார்த்தீர்களா? பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் வேகம் பதிவாகும். பைக் எதிர்த்திசையில் வந்தது உண்மையாக இருந்தும், உங்கள் லாரி அளவுக்கு மீறிய வேகத்தில் போயிருந்தால் தீர்ப்பாயம் பொறுப்பை இரு தரப்புக்கும் பிரித்துவிடும். அதற்காக ஒரு நொடியைக்கூட வெட்டாதீர்கள். சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 241-வது பிரிவில் தனிக் குற்றம். அந்தக் குற்றம் உங்கள் தலையில் விழும், டிரைவர் தலையில் அல்ல.

கேபின் கேமரா விஷயத்தில் டிரைவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓடும்போது டிரைவரைப் பதிவு செய்வதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் லாரி டிரைவருக்கு கேபின்தான் ராத்திரியில் படுக்கை, உடை மாற்றும் இடமும் அதுதான். சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பளித்ததும் நினைவிருக்கட்டும். ஆகவே என்ஜின் அணைந்தால் உள் கேமராவும் அணையும்படி செய்யுங்கள், பேச்சுப் பதிவை நிறுத்துங்கள். எது பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், கண்ணாடியில் டிரைவரின் பார்வையை மறைக்காத இடத்தில் கேமரா இருக்கட்டும். ராணுவ வளாகம் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களுக்கு லோடு போகும்போது வாசலிலேயே அணைத்துவிடச் சொல்லுங்கள். விபத்து வீடியோவை வழக்கு முடியும்வரை யாருக்கும் பகிராதீர்கள். அடிபட்டவரின் முகம் அதில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இன்னும் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் இன்றே தெரிவியுங்கள், கேமரா பதிவு இருப்பதையும் சேர்த்து.