நியூட்ரல் விழவில்லையா? முதலில் கிளட்சைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, நான் மேலூர்ப் பக்கம். ஏழு மாதத்துக்கு முன்னால் கைமாறி வந்த வெளிநாட்டு ட்ரையல்ஸ் வண்டி (மெதுவாகப் பாறை, மேடு ஏற்றுகிற பைக்) ஒன்று வாங்கினேன். 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ரேடியேட்டர் உண்டு, ஹைட்ராலிக் கிளட்ச். காலையில் எடுக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அரை மணி நேரம் ஓட்டிச் சூடேறியதும், இன்ஜின் ஓடும்போது நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. ஆஃப் செய்தால் பொசுக்கென்று விழுகிறது. இதோடு, அரிட்டாபட்டிப் பாறையில் ஏற்றும்போது இரண்டாம் கியர் சில நேரம் தானாகக் கழன்றுவிடுகிறது. இன்ஜினை இறக்கி கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பிரிக்காதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியிருப்பது இரண்டு கோளாறு. நியூட்ரல் விழாதது அநேகமாக கிளட்ச் வேலை. கியர் கழல்வதுதான் கியர்பாக்ஸ் வேலையாக இருக்கலாம், அதுவும் 'இருக்கலாம்'தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் செலவு செய்த பிறகும் பாதித் தொல்லை அப்படியே நிற்கும்.

'ஆஃப் செய்தால் விழுகிறது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடையில் பாதி அதில் இருக்கிறது. கதவில் ஒருவர் சாய்ந்து நின்றால் தாழ்ப்பாள் நகருமா? அவர் விலகியதும் ஒரு விரலால் தள்ளலாம். கியர்பாக்ஸுக்குள்ளும் அதே கதைதான். கியர்களின் பக்கவாட்டில் கட்டை கட்டையாகப் பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பட்டறையில் டாக் என்போம். ஒரு கியரின் டாக் அடுத்த கியரின் டாக்கைப் பிடித்தால்தான் இழுவை கிடைக்கும். பிடி விடாமல் இருக்க அவற்றின் முகத்தை லேசாக உள்சாய்வாகச் சீவியிருப்பார்கள். லோடு இருக்கும்வரை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு விடாது. கிளட்சை முழுக்கப் பிடித்தால் லோடு போய்விட வேண்டும். போகவில்லை என்றால் கிளட்ச் ஒட்டுகிறது, சாய்ந்தவர் இன்னும் கதவில்தான் நிற்கிறார். நீங்கள் கியர் லீவரை எவ்வளவு மிதித்தாலும் நியூட்ரல் விழாது. லீவரை மிதித்தால் திரும்பி கியரை மாற்றும் உருளைக்கு ட்ரம் என்று பெயர். அதில் நியூட்ரலுக்கான பள்ளம் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆழமில்லாமல் இருக்கும், அதனால் கோளாறு முதலில் தெரிவது அங்கேதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், நியூட்ரல் விழாத ஒரு வண்டியின் இன்ஜினை இறக்கி, வெளிக்கூடான கேஸைப் பிளந்து, கியர்களை நகர்த்தும் ஃபோர்க், ட்ரம் எல்லாம் துடைத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்துப் பூட்டினேன். ஸ்டார்ட் செய்தால் அதே தொல்லை. கடைசியில் பார்த்தால் கிளட்ச் லீவர் வளைந்து ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டிருந்தது, முழு இழுப்பே கிடைக்கவில்லை. ஓனரிடம் கூலி கேட்க வாய் வரவில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, சமதளத்தில் நின்று, முதல் கியர் போட்டு கிளட்சை முழுக்கப் பிடியுங்கள். வண்டி முன்னால் நகரப் பார்க்கிறதா? அப்படியானால் கிளட்ச் ஒட்டுகிறது. பின் சக்கரத்தைத் தூக்கி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் சக்கரம் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும், ஆயிலின் இழுப்பு அது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அப்படிப் பார்க்கும்போது செயின் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. ஓடும் செயினில் விரலைக் கொடுத்தவர்களை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சோதனை இன்னும் சுலபம். நியூட்ரல் விழாத அந்த நேரத்திலேயே கிளட்ச் லீவரை மடமடவென்று நாலைந்து தடவை அடித்து, கடைசி தடவை பிடித்தபடியே கியர் லீவரைத் தட்டுங்கள். விழுந்துவிட்டால் கிளட்சுக்கு ஆயில் போகும் ஹைட்ராலிக் லைனில் காற்று இருக்கிறது. சூட்டில் காற்றுக் குமிழ் பெரிதாகும், நீங்கள் இழுக்கிற இழுப்பு அதை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். காலையில் நன்றாக இருந்து அரை மணி நேரத்தில் கெடுவது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. நம்மூர் சித்திரை, வைகாசி வெயிலில் பாறை மேல் நின்று நின்று ஓட்டினால் கேட்கவே வேண்டாம். ட்ரையல்ஸ் வண்டி காற்று வாங்குகிற வேகத்தில் போவதில்லை, கிளட்சை விட்டு விட்டுப் பிடித்துத்தான் முழு வித்தையும்.

காற்றை எடுக்க மேலிருந்து பம்ப் அடித்துக்கொண்டே இருந்தால் பொழுது போகும், காற்று போகாது. மெடிக்கலில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி, கீழே இன்ஜினோடு இருக்கும் ப்ளீடரில் (காற்றை வெளியேற்றும் திருகு) டியூபை மாட்டி, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். குமிழ் இயல்பாக மேலேதான் ஏறும், அதன் போக்கிலேயே விட்டுவிடுங்கள். மேலே கிளட்ச் லீவரோடு இருக்கும் ஆயில் டப்பா வழியாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஒரு எச்சரிக்கை: டப்பா மூடியில் அல்லது கையேட்டில் என்ன ஆயில் என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். சில வண்டிகளுக்கு டாட் 4, சில வண்டிகளுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டு, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

பம்ப் அடித்தும் விழவில்லையா? அப்போது கியர் ஆயிலைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கியர்பாக்ஸ் ஆயில் தனி, கிளட்ச் அதில்தான் முழுகிக் கிடக்கிறது. புல்லட்டுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ50ஐ இதற்கும் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ட்ரையல்ஸ் வண்டிகள் பலவற்றுக்கு லேசான கியர் ஆயிலோ ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலோதான் கம்பெனி சொல்வது. கனத்த ஆயில் கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே பசை மாதிரி நிற்கும். ஆனால் அது காலைக் குளிரில்தான் அதிகம் தொந்தரவு தரும். உங்களுக்குச் சூட்டில் வருவதால் இது தனிக் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் கையேட்டில் போட்டிருக்கும் ரகத்தையும் அளவையும் பார்த்து மாற்றிவிடுங்கள், எப்படியும் வடித்துப் பார்க்க வேண்டிய ஆயில்தான்.

வடிக்கும்போது வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஆயில் பால் அதிகம் விட்ட டீ மாதிரி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வாட்டர் பம்ப் சீல்தான் முதல் சந்தேகம். ஊற்றிய அளவைவிடக் குறைவாக வந்து, சைலன்சரில் வெண்புகையும் அடித்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) போய் இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. அப்புறம் வடிபிளக்கின் காந்த முனையைத் துடையுங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், எல்லா வண்டியிலும் இருக்கும். விரலில் தேய்த்துப் பாருங்கள், நெருடக் கூடாது. குருணை அளவில், ஒரு பக்கம் கூராகவும் ஒரு பக்கம் பளபளப்பாகவும் துண்டு கிடைத்தால் அது டாக் உடைந்து விழுந்தது. அதைக் கண்டுவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காற்றும் இல்லை, ஆயிலும் சரி என்றால் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டியதுதான். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகட்டை அடியில் விட்டுப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பிளேட்டுகளைச் சுற்றியிருக்கும் கூடையான பெல்லின் விரல்களில் பிளேட் காதுகள் இடித்து இடித்துப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும். நகத்தை ஓட்டினாலே தட்டும். பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டுதான் பிரிய மறுக்கிறது. லேசாக இருந்தால் அரம் போட்டுச் சமன் செய்யலாம், ஆழமாக இருந்தால் பெல் மாற்ற வேண்டும்.

இப்போது இரண்டாம் கியர். முதலில் கியர் லீவரைக் கையால் ஆட்டி, முழு வீச்சும் போகிறதா என்று பாருங்கள். ட்ரையல்ஸில் நின்றபடி ஓட்டும்போது பூட்ஸ் படாமல் இருக்க லீவரை வேண்டுமென்றே தள்ளி வைத்திருப்பார்கள். பாறையில் ஒரு இடி வாங்கினால் உள்ளே மடங்கி கவரில் தட்டும். அப்போது கியர் பாதிதான் ஏறும், லோடு வந்ததும் கழலும். பெண்டு எடுத்தால் வேலை முடிந்தது.

லீவர் நேராக இருக்கிறதா? அடுத்து, இரண்டாவது மட்டும் கழல்கிறதா, மற்ற கியர்களும் கழல்கின்றனவா என்று கவனியுங்கள். எல்லாமே கழன்றால் ட்ரம்மை அழுத்திப் பிடிக்கும் ரோலர் கையையும் அதன் ஸ்பிரிங்கையும் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இது கிளட்சுக்குப் பின்னாலேயே இருக்கும், கேஸைப் பிளக்காமல் மாற்றலாம். பட்டறைகளில் யாரும் இதை முதலில் சொல்வதில்லை, நீங்கள் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மட்டும் என்றால் அதன் டாக் முனை மழுங்கியிருக்கும், அல்லது ஃபோர்க் வளைந்திருக்கும். கவ்விப் பிடிக்க வேண்டிய சாய்வு தேய்ந்து உருண்டுவிட்டால் அதே லோடு இப்போது இரண்டையும் விலக்கித் தள்ளும். அதனால்தான் சமதளத்தில் இல்லாமல் ஏற்றத்தில் கழல்கிறது. அதற்குப் பிரித்தே ஆக வேண்டும், உங்கள் மெக்கானிக் சொன்னது அந்த அளவில் சரி.

இதில் ஒன்று உறுத்துகிறது. கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஏழு மாதமாக நியூட்ரலுக்காக மிதித்திருக்கிறீர்கள். ஒட்டும் கிளட்சில் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் டாக் முனைகள் மோதும். முதல் கோளாறு இரண்டாவதை வளர்த்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கிளட்சைச் சரிசெய்யாமல் புது கியரைப் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் போகும்.

ஓட்டும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிட்டாபட்டி 2022ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்தப் பாறைகளில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. டயர் போகிற இடமா அது? உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஒரு தனியார் நிலத்துப் பாறையில் பழகுங்கள். கைவிட்ட குவாரி என்றால் தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்குத் தள்ளியே இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காற்றை எடுத்து, ஆயிலை மாற்றி, கியர் லீவரைப் பாருங்கள். அதுவரை ஏற்றத்தில் இரண்டாவது கியரைத் தொடாதீர்கள். பிறகும் இரண்டாவது மட்டும் கழன்றால் இன்ஜினை இறக்கச் சொல்லுங்கள். கேஸைப் பிளக்கும் அன்றைக்கே இரண்டு கிராங்க் சீலையும் பேக்கிங் செட்டையும் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டு ஸ்பேர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பிளந்த இன்ஜின் பட்டறைத் தூசியில் கிடக்கக் கூடாது.