செட்டில் பத்துப் புத்தகம், மகளுக்குப் பிடித்தது ஒன்றுமில்லை

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். புத்தகத் திருவிழாவில் பத்துப் புத்தகம் கொண்ட செட் வாங்கித் தந்தேன். எல்லாம் ராஜா, மந்திரி, நீதிக் கதைகள். "நம்மள மாதிரி யாருமே இதுல இல்லியேம்மா" என்கிறாள். ஒன்றில் 16 பக்கங்களைக் காணோம். தள்ளுபடியில் விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் கடைக்காரர். என்ன செய்ய?
- வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: முதலில் அந்த 16 பக்கம். பைண்டிங்கில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்த 16 பக்கக் கட்டு, விடுபட்டிருக்கிறது. தள்ளுபடி கொடுத்தாலும் குறை குறைதான். பில்லில் வேறு கெடு போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லோடு போய்க் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் கொடுங்கள்.

மகள் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் நூறு பக்கக் கதையைத் தாங்களாகவே படிக்கத் தொடங்குகிறார்கள், அதில் தங்களைத் தேடுகிறார்கள். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலோ தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருளர் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லோரும் கதைக்குள் வர வேண்டும்.

இனி செட்டாக வாங்க வேண்டாம். ஒவ்வொன்றாக எடுத்து, நடுவில் திறந்து ஒரு பக்கம் மகளையே படிக்கச் சொல்லுங்கள். மலைக் கிராமத்துப் பையனோ காது கேளாத சிறுமியோ கதையில் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் சண்டை போடுகிறார்களா, பொய் சொல்லி மாட்டுகிறார்களா, தப்பைத் தாங்களே சரிசெய்கிறார்களா என்று பாருங்கள். யாரோ இரக்கப்பட்டு உதவுவதற்காகவே வந்து போனால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம்.

தருமபுரி புத்தகத் திருவிழாவில் ஒரு சிறுமி ஸ்டால் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட அம்மாவிடம், "இரும்மா, இந்தப் பொண்ணும் தம்பிய இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் வீட்டுப்பாடம் எழுதறா" என்றாள். அந்த அம்மா உடனே பர்ஸைத் திறந்தார்.

நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் மற்ற மாநிலப் பிள்ளைகளின் கதைகள் தமிழில் கிடைக்கும், விலையும் குறைவு. சாகித்ய அகாடமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருதைக் கொடுத்து வருகிறது. அதில் தமிழுக்குக் கிடைத்த நூல்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளை நூலகத்தில் கேளுங்கள். அங்கே எடுத்துப் படித்து, மகள் எதை இரண்டாம் முறை கேட்கிறாளோ அதை மட்டும் காசு கொடுத்து வாங்கினால் போதும்.