கயிற்றில் கட்டிய வாழைப்பழம்

கேள்வி: யார் எதைக் கேட்டாலும் மறுத்துப் பேச வாய் வரமாட்டேன் என்கிறது. வயது 42. இதற்கு நடத்தைச் சிகிச்சை நல்லதா, எண்ணங்களை மாற்றும் சிகிச்சை நல்லதா? தங்கள் பொன்னான நேரத்தை வீணடிப்பதற்கு மன்னிக்கவும். பெயர் வெளியிட வேண்டாம். (ஈரோடு வாசகர்)

பதில்: பொன்னான நேரமா? இங்கே அது பித்தளைக்குக்கூடத் தேறாது. பாதியை பாக்கி கேட்டு வரும் அச்சகத்துக்காரர் எடுத்துக்கொள்கிறார், மீதியைக் கவிஞர்கள். அப்புறம், ‘பெயர் வெளியிட வேண்டாம்’ என்று கறாராகச் சொல்ல உங்களுக்கு வந்திருக்கிறதே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க்கில் உளவியலாளர் ஆண்ட்ரூ சால்டர் 1949-இல் கூச்சக்காரர்களுக்கு வழி சொன்னார்: மனதில் பட்டதை முகத்தில் காட்டு, ஒப்புதல் இல்லையென்றால் எதிர்த்துச் சொல், பாராட்டினால் நெளியாதே. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-இல் காரணம் சொன்னார்: துணிந்து பேசும்போது பயத்துக்கு இடமில்லை, பேசப் பேச அது கழன்றுவிடும். இது நடத்தைக் கட்சி. எதிர்க்கட்சி, அதாவது எண்ணக் கட்சி, அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ். ‘எல்லாருக்கும் என்னைப் பிடித்தாக வேண்டும்’ என்ற நினைப்புதான் வியாதி, அதோடு வாதாடு என்றார்.

வாதத்தோடு விட்டாரா மனிதர்? வாழைப்பழத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டி போலத் தெருவில் இழுத்துப் போகச் சொன்னார். வெட்கம் தெளியுமாம். ஈரோட்டில் செய்து பாருங்கள். பூவனா ரஸ்தாளியா என்று நாலு பேர் விசாரிப்பார்கள். தின்கிற பொருளை மண்ணில் இழுக்கிறாயே என்று ஒரு பாட்டி வைவார். முனை திரும்புவதற்குள் மாடு சிகிச்சையை முடித்துவிடும்.

எல்லிஸே 19 வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்கா பெஞ்சுகளில் தேடித் தேடி 100 பெண்களிடம் வலியப் போய்ப் பேசியவர். ஒருத்தி மட்டும் சந்திக்க ஒப்புக்கொண்டாள், அவளும் வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பயம் போயிற்று. திருப்பி அனுப்பிய கவிதையையே தலைப்பை மாற்றி அனுப்புகிற நம் கவிஞர்களுக்கு இந்தப் பயிற்சி பிறவியிலேயே வாய்த்திருக்கிறது.

ஆக, எதிர்க்கட்சியும் கடைசியில் தெருவில் இறங்கச் சொல்கிறது. ஒத்திகையில் தொடங்கும் சிகிச்சையாளரிடம் போங்கள். கடன் கேட்கும் மச்சானாக அவர் நடிப்பார், நீங்கள் மறுப்பீர்கள். எண்ணங்களை அதோடு சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம்.

தேய்ந்த ரிக்கார்டு என்றும் ஓர் உத்தி உண்டு. எழுபதுகளில் அமெரிக்காவில் பிரபலம். விளக்கம் கொடுக்காமல், கோபப்படாமல் ஒரே மறுப்பைத் திரும்பத் திரும்பச் சொல்வது. ஒரு கவிஞரிடம் சில காலமாகப் பிரயோகித்து வருகிறேன். அவரும் எங்கேயோ அதையே கற்றிருக்கிறார்.