லிவிங் டுகெதர்ல இருந்தா ஜீவனாம்சம் நின்னுடுமா?

கேள்வி: மேடம், டைவர்ஸ் ஆகி கோர்ட்டு ஆர்டர்படி மாசாமாசம் ஜீவனாம்சம் வந்துட்டிருந்துச்சு, பொண்ணுக்கும் தனியா ஒரு தொகை. இப்ப பாண்டிச்சேரில வேலை பாக்குற ஒருத்தரோட சேர்ந்து வாழறேன், கல்யாணம் பண்ணிக்கல. முன்னாள் கணவர் நாங்க பீச்ல நிக்கிற போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பி "இனிமே ஒரு பைசா கிடையாது"ன்னுட்டு நிறுத்திட்டார். அவர் செஞ்சது சரியா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சரியில்லைம்மா. கோர்ட்டு போட்ட ஆர்டரை அவரா நிறுத்த முடியாது, மனு போட்டுத்தான் மாத்தணும், அதுவரைக்கும் பாக்கி ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

ஆனா உங்களுக்கு ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இந்து திருமணச் சட்டம் 25(3)ல மறுமணம் பண்ணிக்கிட்டாலோ, பெண் கற்போட இல்லைன்னாலோ (ஆமா, 1955ல எழுதின அந்த வார்த்தை இன்னும் அப்படியே இருக்கு, படிக்கவே எனக்கு வலிக்குது) கோர்ட்டு தொகையைக் குறைக்கலாம், ரத்தும் பண்ணலாம். அதாவது "பண்ணலாம்", கட்டாயம் இல்லை. அவர் ஆதாரத்தோட நிரூபிக்கணும், ஒரு பீச் போட்டோ அதுக்குப் பத்தாது. ஆனா கோர்ட்டுல கேட்டா சேர்ந்து வாழறதை மறைச்சுப் பொய் சொல்லாதீங்க, அது இன்னும் பெரிய சிக்கல்.

பொண்ணோட பணத்துக்கும் உங்க வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை, அதை அவர் தந்தே ஆகணும். பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த வாட்ஸ்அப் மெசேஜ் ரெண்டையும் எடுத்து வச்சுக்கிட்டு ஆர்டர் போட்ட குடும்ப நல கோர்ட்டுலயே நிறைவேற்று மனு (ஆர்டரை அமல்படுத்திப் பாக்கியை வசூல் பண்ணித் தரச் சொல்ற மனு) போடுங்க. உங்க ஆர்டர் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, இப்ப அதுக்குப் பதிலா வந்திருக்கிற பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144 பிரிவுல வந்ததுன்னா ஒவ்வொரு மாசப் பாக்கிக்கும் 1 வருஷத்துக்குள்ள கேட்டாகணும், தள்ளிப்போடாதீங்க. வக்கீல் ஃபீஸ் கஷ்டம்னா கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவசமாவே வக்கீல் தருவாங்க.