பிற துறை மாணவர்களுக்கு இயற்பியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வரலாறு, வணிகவியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு, சூத்திரங்களைக் காட்டி மிரட்டாமல் அடிப்படை இயற்பியலைக் கற்பிப்பது எப்படி?

இராமநாதபுரம் கடலோரத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் பிற துறையினருக்கான விருப்பப் பாடமாக இயற்பியல் நடத்துகிறேன். முதல் ஆண்டில், இயற்பியல் மாணவர்களுக்குரிய பாடத்திலிருந்து நுண்கணிதத்தை நீக்கிவிட்டு மீதியை அப்படியே ஒப்பித்தேன். மூன்றாம் வாரத்திலேயே பின்வரிசைகள் காலியாகிவிட்டன.

இப்போது அழுத்தத்திலிருந்து தொடங்குகிறேன். "எங்கம்மா பாசி எடுக்கப் போறவங்க சார், மூணு பாகம் முங்கினாலே காது அடைக்கும்பாங்க" என்று வணிகவியல் மாணவி ஒருத்தி சொன்னதே அதற்குக் காரணம். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. ஊசி இல்லாத இருபது மில்லி சிரிஞ்சு ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, முனையை விரலால் அடைத்துப் பத்து மில்லி வரை அழுத்தச் சொல்வேன். அந்த அழுத்தம் கடலில் பத்து மீட்டர் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய ஐந்தரைப் பாகத்தில், இருப்பதற்குச் சமம். காற்று ஐந்து மில்லியாகச் சுருங்க எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் இருபது மீட்டர் என்பார்கள். விடை முப்பது: மேற்பரப்பிலேயே ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, பத்து மீட்டருக்கு ஒன்று வீதம் அது கூடுகிறது, காற்று கால் பங்காக நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அழுத்திப் பார்த்துச் சரிபார்க்கலாமென்றால் விரலிடுக்கில் காற்று கசிந்துவிடும். ஆகவே கணக்கு வேண்டுமென்று அவர்களே கேட்கிறார்கள். மேற்பரப்புக்கு அருகிலேயே காது வலிப்பதேன் என்பதும் அப்போது விளங்குகிறது: முதல் பத்து மீட்டரில் காற்று பாதியாகிறது, அடுத்த பத்தில் பாதியிலிருந்து மூன்றிலொரு பங்காக மட்டுமே குறைகிறது.

அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் வரைந்த வளைகோட்டைப் பார்த்ததும், பொருளியலில் அலகு நெகிழ்ச்சியுள்ள (விலை மாறினாலும் மொத்தச் செலவு மாறாத) தேவைக்கோட்டின் வடிவம் இதுதானே என்று ஒரு மாணவர் கேட்டார். இரண்டும் செவ்வக அதிபரவளையமே, அதாவது இரு அளவுகளின் பெருக்கல் மாறாதிருக்கும் வளைகோடு. ஆகவே கணிதத்தை ஒளிக்காதீர்கள். அவர்களுக்குப் பழகிய இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

1914-இல் திறந்த பாம்பன் தூக்குப் பாலத்தைக் கொண்டு நெம்புகோல் தத்துவத்தை விளக்கலாமே என்பார்கள். நானும் முயன்றேன், கண்ணால் பார்த்த பாலத்தைவிடக் கையால் அழுத்திய சிரிஞ்சே அவர்கள் மனத்தில் நின்றது.

தலைப்புகளைக் குறையுங்கள். தேர்வில் பாயில் விதியை (வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் கூடும் மடங்கில் காற்றின் கன அளவு குறையும் என்பதை) வரையறுக்கச் சொல்லாமல், பதினைந்து மீட்டர் ஆழத்தில் அந்தச் சிரிஞ்சில் எத்தனை மில்லி காற்று இருக்கும், ஏன் என்று கேளுங்கள்.