லடாக்கை 6 நாள்ல எப்படி பிளான் பண்றது, முதல் நாளே பாங்காங் ஏரிக்குப் போலாமா?

தயவுசெஞ்சு முதல் நாளே போகாதீங்க. லே ஊரே சுமார் 3500 மீட்டர் உயரம், ஃபிளைட்ல போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டெல்லியில இருந்து அங்க தூக்கிப் போட்டுடும், உடம்புக்குப் பழக டைமே இருக்காது. முதல் நாள் முழுசா ரூம்லயே ரெஸ்ட், நிறைய தண்ணி, ரெண்டாம் நாள் சாயங்காலம் மெதுவா சாந்தி ஸ்தூபா, லே அரண்மனை.

மூணாம் நாள் கார்துங் லாங்கற மலைக் கணவாய் தாண்டி நூப்ரா பள்ளத்தாக்கு. கணவாய் 5300 மீட்டருக்கு மேல, அதனால மேல பத்து இருபது நிமிஷம் போதும், ஆனா நூப்ராவுல தங்குற ஹுண்டர் கிராமம் லேவை விடத் தாழ்வு, ராத்திரி நல்லா தூக்கம் வரும், அதுக்காகத்தான் நூப்ராவை முதல்ல வைக்கச் சொல்றேன். திஸ்கித் மடாலயம், ரெட்டைத் திமில் ஒட்டகம் எல்லாம் அங்கதான். நாலாம் நாள் ஷியோக் ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா பாங்காங், அது 4200 மீட்டருக்கு மேல, ஒரு ராத்திரி போதும். அஞ்சாம் நாள் சாங் லா கணவாய் வழியா வர்றப்போ திக்சே மடாலயம் பாத்துட்டு லே, ஆறாம் நாள் ஃபிளைட்.

தலைவலி குறையாம வாந்தி, தள்ளாட்டம்னு வந்தா பிளானை விட்டுட்டு உடனே கீழ இறங்குங்க. உயரத்தால வர்ற உடம்புக் கோளாறுக்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டர்ட்ட கேட்டுட்டு மட்டும் போடுங்க. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துட்டுப் போங்க.